பக்கத்துக் காம்பராவின் கடமை

பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை அடிபடும் சத்தம் நாள்தோறும் கேட்கிறது. அல்லது, துள்ளித் திரிந்த சிறுமி திடீரென்று யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போகிறாள். காரணம் இன்னார்தான் என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பலரும் ஊகித்திருக்கிறார்கள். அப்போது அயலவர் செய்ய வேண்டியது என்ன? முறைப்பாடு செய்வதா, அடுத்த வீட்டு விவகாரம் என்று விலகி நிற்பதா?

வத்தேகமவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. பன்வில, மடுல்கலைப் பக்கத்துப் பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்தான். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடிக் காம்பராவுக்குள் நடப்பது சுவருக்கு அப்பால் கேட்காமல் போகாது. ஆகவே “எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்பது அங்கே பெரும்பாலும் மெய்யல்ல. தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறார்கள்.

அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது; நியாயமல்ல. முறைப்பாடு செய்பவள் மறுநாள் காலை, வேலை பிரிக்கும் அதே பிரட்டில் நிற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தோடு அதே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டால், என்ன எழுதினார்கள் என்று அறியாமலே கையொப்பமிட வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் பேர், அதாவது நாட்சம்பளம், போகும், பஸ் காசும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, “பிள்ளையின் பேர் கெட்டுவிடும்” என்ற பயம். உழைக்கும் தகப்பன் உள்ளே போனால் அடுப்பு எரியுமா, பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களா என்ற கேள்விகளும் வெறும் சாக்குகள் அல்ல.

இந்தப் பயங்களிலிருந்துதான் ‘பேசித் தீர்ப்பது’ என்ற வழி பிறக்கிறது. பெரியவர்கள் கூடுவார்கள். கொஞ்சம் பணம், ஒரு மன்னிப்பு; சில வேளை, வயது வந்ததும் குற்றம் செய்தவனுக்கே பிள்ளையைக் கட்டிவைப்பதாக ஒரு வாக்குறுதி. ஊர் அமைதி காக்கப்படும். ஆனால் அந்த அமைதியின் விலையைக் கொடுப்பவர் யார்? கூட்டத்தில் பேச இடமே இல்லாத பிள்ளைதான். தனக்கு உரிமையில்லாத ஒன்றை விட்டுக்கொடுத்து வாங்கும் சமாதானம் சமாதானமாகாது. பிள்ளையின் உடல் மீது தாய் தகப்பனுக்குப் பொறுப்பு உண்டு. அதை விலைபேசும் உரிமை அவர்களுக்கும் இல்லை, தோட்டத் தலைவருக்கும் இல்லை.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவர் மீதான பாலியல் குற்றங்களுக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பாத்ததும்பர பிரதேச செயலகம் வத்தேகம நகரத்திலேயே உள்ளது. இத்தனைக்குப் பிறகும், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருவர் 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் உயிரிழந்தார். அவருக்கு வயது 16. ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டுத் தரகரோடு பஸ் ஏறும்போது லயம் முழுவதும் அதை அறியும். அந்த அறிவைக் காப்பாக மாற்றச் சட்டத்தால் மட்டும் முடிவதில்லை.

ஆபிரிக்காவின் ஓர் அனுபவம் இங்கே வழிகாட்டுகிறது. செனகல் நாட்டின் மாலிகூண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள், சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக 1997இல் ஊரறிய அறிவித்தார்கள். ‘தொஸ்தான்’ அமைப்பின் வகுப்புகளில் உடல்நலமும் உரிமைகளும் பேசிப் பேசி அவர்களே எட்டிய முடிவு அது. ஆனால் ஒரு கிராமம் மட்டும் விலகினால் அதன் பெண்களை யார் கட்டுவார்கள்? இதை உணர்ந்த தெம்பா தியாவரா என்ற இமாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கிராமங்களுக்கெல்லாம் நடந்து சென்று பேசினார். 1998இல் 13 கிராமங்கள் சேர்ந்து அந்த அறிவிப்பைச் செய்தன. தனியொரு குடும்பத்தால் தாங்க முடியாத விலையை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அதனால்தான் நியாயம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் அறம் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு, சிறுவர் கழகம், பிள்ளைக் காம்பரா ஆயா, குடும்பநல உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர் எனப் பல கைகள் தோட்டத்தைச் சுற்றி உண்டு. அவை சேர்ந்து முறைப்பாடு செய்தால் பழி ஒருத்தியின் தலையில் விழாது. பொலிஸுக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் கூடப் போகலாம். தவணை நாளில் தாய் இழக்கும் பேரைத் தொழிற்சங்கமோ கோயில் நிதியோ ஈடுசெய்யலாம். பாட்டியோ சித்தியோ பிள்ளையை ஏற்று வளர்க்க அயல் உதவினால், சிறுவர் இல்லம் கடைசி வழியாகவே இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. குழு என்ற பெயரில் ஏழைகளின் வீடுகளை வேவு பார்க்கத் தொடங்கலாம். பழைய பகை பொய்ப்புகாராக வரலாம். பிள்ளையின் கதை பீலியடிப் பேச்சாகலாம். எனவே குழுவுக்கு எல்லை வேண்டும். விசாரிப்பதும் தீர்ப்பளிப்பதும் அதன் வேலையல்ல. சந்தேகத்தை உரியவரிடம் சேர்ப்பது, பிள்ளையின் பெயரைக் காப்பது, குடும்பத்தைத் தாங்குவது: இந்த மூன்றோடு அது நிற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குழுவின் தலைவராகவோ அவருடைய உறவினராகவோ இருந்தாலும் இதே விதிதான். அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும் குழு, இல்லாததை விடக் கேடானது. ஏனென்றால் இனிப் போக இடமில்லை என்று அது பிள்ளைக்குக் கற்பிக்கிறது.

ஆகவே அயலவர் சொல்லத்தான் வேண்டும். முழு நிச்சயம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நியாயமான சந்தேகமே போதும். உண்மையைக் கண்டறிவது நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை. ஆனால் சொல்லும் கடமையை ஒருத்தி மீது சுமத்திவிட்டு, சொன்ன பிறகு அவளைத் தனியே விடும் ஊருக்கு அவளுடைய மௌனத்தைக் குறைசொல்லத் தகுதி இல்லை. சொன்னவளுக்குத் துணை நிற்பது அந்த ஊர் பிள்ளைக்குச் செய்யும் முதல் நீதி.