பூசிய நிறமும் உறையும் தெய்வமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கி, ஆறு கொணர்ந்த வண்டல் கடலை விலக்கிவிட்டதால் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராக ஒதுங்கியிருக்கும் கொற்கை, முத்தால் பெயர்பெற்ற ஊர். முத்தின் ஒளி எவரும் பூசியதன்று. சிப்பியின் உடலில் சுரக்கும் சுண்ணப்பொருள் மிக மெல்லிய ஏடுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிய, அவ்வேடுகளிலிருந்து மீளும் ஒளிக்கதிர்கள் தம்முள் கலப்பதால் தோன்றும் நிறம் அது. எனவே மேலேடு ஒன்று தேய்ந்தாலும் அடியில் இருப்பதும் முத்தாகவே இருக்கிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில், காருகுறிச்சி போன்ற ஊர்களில் வேளார் குளத்து மண்ணைப் பிசைந்து வனையும் உருவங்களின் நிலை வேறு. அவற்றின் நிறம் வெளியிலிருந்து ஏற்றப்படுவது. நகத்தால் கீறினால் செம்மண் தெரிந்துவிடும். இவ்வாறு ஏற்றப்பட்ட நிறம் வழிபடப்படும் உருவத்தின் மெய்யைச் சேர்ந்ததா, அல்லது களைந்து மாற்றத்தக்க ஆடையைப் போல அதன்மேல் கிடப்பதா என்பது, வண்ணம் தேர்ந்து பூசும் கைகளுக்கு மட்டுமன்றிச் சமயத் தத்துவத்துக்கும் உரிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் ஒரு பொருளுண்மையைக் குறித்துக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களில் சிப்பியையும் சங்கையும் காளவாயில் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பே கட்டடங்களுக்கும், சுதை எனப்படும் சாந்து உருவங்களுக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. முத்தும் பெரும்பகுதி அதே பொருள்தான். ஓவியன் தன் நிறங்களை ஏந்துவதற்காக முதலில் இடும் வெண்தளம், வேதியியலின்படி முத்துக்கு உறவு. இயல்பு நிறத்துக்கும் ஏற்றிய நிறத்துக்கும் இடையிலுள்ள எல்லை, பார்வைக்குத் தோன்றுமளவு கூர்மையானதன்று.

நிறத்தைக் கீழாக மதிக்கும் போக்கு மரபிலேயே உண்டு. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் ஓவியப் பகுதியான சித்திரசூத்திரம், ஆசான்கள் கோட்டையும், நுணுக்கம் அறிந்தோர் நிழலமைப்பையும், பெண்டிர் அணிகளையும், ஏனையோர் நிறச்செழிப்பையும் விரும்புவர் என்று சுவைஞர்களை வரிசைப்படுத்துகிறது. இவ்வரிசையில் நிறம் கடைசியில் நிற்கிறது. (பெண்டிரைப் பற்றிய அதன் கருத்தை இன்று எவரும் பொருட்படுத்த வேண்டியதில்லை.) ஆயினும் இந்நூலே, வர்த்தனை என்னும் நிழலிடும் முறையை இலைநரம்பு போன்ற கோடுகளால் அமைவது, மிக நுண்ணிய பூச்சால் அமைவது, புள்ளிகளால் அமைவது என மூன்றாகப் பகுத்து, முறையே பத்ரஜம், ஐரிகம், பிந்துஜம் என்று பெயரிடுகிறது. நிறம் வெறும் மேற்பூச்சு என்று எண்ணியவர் அதை இடும் வகைகளை இவ்வளவு கருத்தாகப் பிரித்திருக்கமாட்டார்.

இவ்வகைப் பணி மிகச் சிறிய அளவில் என்ன செய்யும் என்பதற்குத் தாமிரபரணியும் கடனா நதியும் கூடும் திருப்புடைமருதூரில் சான்று உண்டு. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறத்தில், ஐந்து நிலைகளிலும், புராணக் கதைகளோடு போர்க்காட்சிகளும் தீட்டப்பட்டுள்ளன; 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் படையும் திருவிதாங்கூர்ப் படையும் இவ்வாற்றங்கரையில் மோதிய போரே அவற்றுள் காட்டப்பட்டதென ஆய்வாளர் கொள்வர். குதிரையும் யானையும் காலாளும் பட்டை பட்டையாக நெருங்கி வரும் இக்காட்சிகளில், ஒரு வீரனின் முகம் பெருவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும்; அவ்வளவு சிறிய முகத்தை அடுத்தவன் முகத்திலிருந்து பிரித்துக்காட்டும் வேலையை உடைநிறமும் கருங்கோடும் மட்டுமே செய்கின்றன. காவிச் சிவப்பு மேலோங்கிய அச்சுவர்களில் நிறத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது போராக இராது, ஒரு கூட்டமாகவே இருக்கும்.

இதற்கு மிக அண்மையான இக்காலத் தொழில், சமயத்துக்குத் தொடர்பற்ற ஓர் ஆட்டத்தில் காணப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் தம் சிறுநூலில் விதிகள் வகுத்துக் காட்டிய பொம்மைப் படையாட்டம், இன்று உலகெங்கும் மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டாக வளர்ந்துள்ளது. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட, விரற்கடை உயரமுள்ள வீரர்களை வாங்குவோர் தாமே வண்ணம் தீட்டுகின்றனர். முதலில் நிறம் பற்றுவதற்கான அடிப்பூச்சு, அதன்மேல் நீர் கலந்து மெல்லிதாக்கிய அக்ரிலிக் வண்ணம் இரண்டு மூன்று முறை, பின்னர் மடிப்புகளில் தேங்குமாறு நீர்த்த கருநிறம், இறுதியாக மேடான விளிம்புகளில் வெளிர்நிறம் என்பது அதன் ஒழுங்கு. கெட்டியான வண்ணத்தை ஒரே முறையில் அப்பினால், வார்ப்பில் இருந்த கண்ணிமையும் விரலிடுக்கும் மூடிப்போகும். புள்ளியாலும் மெல்லிய கோட்டாலும் பூச்சாலும் நிழலிடும் அவர்களின் முறைகளைச் சித்திரசூத்திரக்காரர் கண்டிருந்தால் தம் மூன்று பெயர்களையும் அவற்றுக்குப் பொருத்தியிருப்பார். வண்ணம் ஆட்டத்தின் போக்கை எவ்வகையிலும் மாற்றுவதில்லை. வண்ணமிடாத வீரனும் அதே தொலைவு நகர்வான், அதே பகடைக்கு வீழ்வான். எனினும் வார்ஹாமர் 40,000 என்னும் ஆட்டத்தின் 9ஆம் பதிப்பு (2020), முழுப்படைக்கும் வண்ணமிட்டு வருவோருக்கு 100 புள்ளிகளில் 10 புள்ளி ஒதுக்கியது. பயனற்றதெனத் தோன்றும் ஒன்றுக்கு மதிப்பெண் வழங்க நேர்ந்தது, அச்சில் வார்த்த உருவம் எப்போது ஒருவருக்கு உரியதாகிறது என்னும் ஐயத்துக்கு ஆட்டக்காரர் தந்த விடையாகக் கொள்ளத்தக்கது.

வழிபாட்டில் இவ்விடை மேலும் கடுமையாகிறது. தியானசுலோகம் என்பது ஒரு தெய்வத்தை மனத்தில் நிறுத்துவதற்காக அதன் முகம், கை, கருவி, நிறம் ஆகியவற்றை அடுக்கிச் சொல்லும் பாடல். அதில் நிறம் சுவைக்கு விடப்படுவதில்லை. சரசுவதி வெண்மை, சூரியன் செம்மை, காளி கருமை. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்வோர் ஒரே அச்சிலிருந்து எடுத்த இரு பெண்ணுருக்களில் ஒன்றுக்கு வெள்ளைச் சேலையும் மற்றதற்குச் செஞ்சேலையும் தீட்டிக் கையிலுள்ள பொருளை மாற்றினால், அவை வேறு வேறு தெய்வங்களாகிவிடும். அங்கே நிறம் அடையாளத்தையே ஆக்குகிறது. அதே கொலுவில் நிறமே ஏறாத மரப்பாச்சியும் முதலிடத்தில் அமர்வது இதற்கு விலக்கு. செஞ்சந்தனம் முத்தைப் போலத் தன் நிறத்தோடு வருவதால் அதற்குப் பூச்சு தேவைப்படவில்லை போலும்.

தாமிரபரணிக் கரை இவ்வினாவுக்கு இரு தத்துவ விடைகளை ஈன்றுள்ளது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை வகுத்தவர். அச்சைவ சித்தாந்த மரபு இறைவனின் இலக்கணத்தைச் சொரூபம், தடத்தம் என இரண்டாக்கும். சொரூபம் என்பது எதனையும் சாராத அவன் தன்னியல்பு. தடத்தம் என்பது உயிர்களின்பொருட்டு அவன் மேற்கொள்ளும் நிலை. உருவமும் நிறமும் தடத்தத்தின்பாற்படும். இவ்வளவில் நின்றால் வண்ணம் ஒதுக்கத்தக்கதாகவே தோன்றும். ஆனால் போதத்தின் 12ஆம் நூற்பா அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழப் பணிக்கிறது. எங்கும் பாலில் நெய்போல மறைந்திருப்பவன் இவ்விடங்களில் தயிரில் நெய்போல விளங்குகிறான் என்பது அதற்கு மரபு தரும் விளக்கம். வேடம் என்பது புறத்தே தரிக்கும் நீறும் கண்டிகையும். அகன்று போகக்கூடிய அப்புறக்கோலமே தொழத்தக்கதாயின், உருவத்தின் மேலுள்ள நிறத்தை மட்டும் பொய்யென்று தள்ளுவதற்கு இடமில்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், நம்மாழ்வார் தோன்றிய குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரியைப் போற்றும் வைணவம் வேறொரு வழியில் அணுகுகிறது. அர்ச்சாவதாரம், அதாவது வழிபாட்டு உருவமாகவே இறைவன் இறங்கி வரும் நிலை, அவனது எளிமையின் எல்லை என்பர் ஆசாரியர். அடியவர் எப்பொருளால் எவ்வுருவைச் சமைத்தாலும் அதையே தன் மேனியாக ஏற்று, நீராட்டவும் உண்பிக்கவும் உறங்கச்செய்யவும் பிறர் கையை எதிர்பார்த்து இருக்கிறான். இக்கொள்கையின்படி, வண்ணம் மங்குதல் உருவத்தின் குறைபாடாகாது. தானே நிறம் மாறாதிருக்கும் உருவத்தைவிட, ஆண்டுதோறும் ஒரு கை வந்து தீட்டவேண்டியிருக்கும் உருவம் இறைவனின் அச்சார்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. சைவ விடை நிறத்தை அனுமதிக்கிறது என்றால், வைணவ விடை அதன் அழிவையும் சேர்த்து ஏற்கிறது. இவ்வினாவைப் பொறுத்தவரை பின்னதே ஆழமாகச் செல்கிறது.

நடைமுறையில் எழும் சிக்கல்களை ஆகமங்களும் கோயில் வழக்கும் விட்டுவிடவில்லை. திருவரங்கத்து மூலவரைப் போலச் சுதையால் ஆன மேனிக்கு நீராட்டு இல்லை, தைலக்காப்பே உண்டு. சுதை உருவங்களுக்குப் புதுநிறம் ஏற்றும் திருப்பணி வர்ணகலாபம் எனப்படும். அதற்கு முன் பாலாலயம் செய்து, உருவத்தில் உறையும் ஆற்றலைக் குடநீருக்கோ, அத்திப்பலகையில் தீட்டிய சித்திரத்துக்கோ மாற்றி எழுந்தருளச் செய்கின்றனர். மேனிக்கு வண்ணம் பூசும் காலத்தில் தெய்வம் பலகையின்மேல் வண்ணமாகவே தங்கியிருப்பது உற்றுநோக்கத்தக்கது. குற்றாலத்தில் இது நிலையான ஏற்பாடு. ஐந்து சபைகளுள் ஒன்றான அவ்வூர்ச் சித்திரசபையில் ஆடவல்லான் செம்பிலோ கல்லிலோ இல்லாமல் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறான். அங்கே நிறத்தைக் களைந்தால் அடியில் தெய்வ உருவம் எதுவும் எஞ்சாது. ஆடை என்னும் உவமை இங்கே முற்றிலும் வலுவிழக்கிறது. ஓவியத்தின்மேல் நீர் ஊற்ற இயலாது என்பதால், எதிரே வைத்த கண்ணாடியில் விழும் நிழலுருவுக்கு நீராட்டலாம் என்று ஆகமங்கள் இத்தகைய உருவங்களுக்கு வழி சொல்கின்றன.

பழைய நிறங்கள் மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் இயைந்தவை: செங்காவி, மஞ்சள் காவி, விளக்குப்புகைக் கரி, அவுரி நீலம், இவற்றை ஒட்டவைக்கும் வில்வம் அல்லது விளாம்பிசின். அவை மங்கும், உதிரும். ஆனால் ஈரத்தை உள்ளே அடைப்பதில்லை. எண்ணெய்ப்பசையுள்ள எனாமல் பளபளப்பானது, மழைக்குத் தாங்கும். ஆனால் சுதையோ சுட்ட மண்ணோ அடியிலிருந்து உறிஞ்சும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்து, வண்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சில வேளை மேல்மண்ணும் அதனோடு பெயர்ந்துவரும். நெல்லைச் சீமையின் சுடலைமாடன் கோயில்களில், கொடை விழா நெருங்கும்போது பீடத்துக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை இடும் வழக்கம், இக்காரணத்தை அறிந்தோ அறியாமலோ சரியான பொருளைத் தேர்ந்துள்ளது. பத்தாண்டு தாங்கும் வண்ணம் வேண்டும் என்னும் இன்றைய விருப்பம், பத்தாண்டு எவரும் தொடாமல் இருக்கலாம் என்னும் விருப்பமாகவும் ஆகிவிடுவதை மறுக்க இயலாது.

எல்லா நிறமும் ஏறியபின் கடைசியில் இடப்படுவது கண்மணி. கண் திறப்பு எனப்படும் இச்சடங்குக்குமுன் உருவம் வேளாருடையது, அதற்குப்பின் ஊருடையது. இலங்கைச் சிங்கள மரபில் நேத்திர மங்கல்லயம் என வழங்கும் இதே சடங்கை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார். அங்கே ஓவியன் உருவத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் பார்த்தபடியே கண்ணைத் தீட்டுவான், முதற்பார்வை தாங்கற்கரியது என்பதால். சமயநூல்கள் கோட்டை உயர்த்தி நிறத்தைத் தாழ்த்தினாலும், வழிபாடு முழுதும் தங்கியிருப்பது கடுகளவு கருநிறத்தின்மேல் என்பதை இவ்விரு நாட்டுக் கைவினைஞரும் அறிந்திருந்தனர்.

நிறத்தை உருவத்தின் பகுதியாகக் கொள்வதா என்னும் கேள்வி 2023 செப்டம்பரில், எதிர்பாராத வடிவில், நீதிமன்றத்துக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் சிலைகளை விற்பதற்கு விதித்த தடையை எதிர்த்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனிநீதிபதி விற்க இசைந்து, நீர்நிலைகளில் கரைக்கக் கூடாது என்றார். இருநீதிபதி அமர்வு அவ்விசைவை நிறுத்திவைக்க, உச்சநீதிமன்றம் தலையிட மறுத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் பிளாஸ்டரை விலக்குவதோடு நச்சு வண்ணங்களையும் விலக்குகின்றன. ஆகமங்கள் மண், மாவு, சாணம் முதலியவற்றால் ஒரு பூசைக்காகச் செய்து, பூசை முடிந்ததும் நீக்கிவிடும் உருவத்தைக் கணிகம் என்றும், நிலையாக நாட்டப்படுவதை அதனின் வேறாகவும் பிரிக்கும். சதுர்த்திப் பிள்ளையார் கணிகத்தைச் சேர்ந்தவர்; அவரது நிறமும் மண்ணோடு சேர்ந்து ஆற்றில் கரைந்தாக வேண்டும். வாங்கலாம், ஆனால் கரைக்கலாகாது என்று தனிநீதிபதி முதலில் வகுத்த நிலையின்படி, எனாமல் பூசிய பிள்ளையார், நாட்டப்பட்டவரும் அல்லர், கணிகமும் அல்லர். அவருக்குரிய விதி எந்த ஆகமத்திலும் எழுதப்படவில்லை.