வேட்கையும் காரணமும்: ‘ரசவாதி’ நாவல் குறித்து ஒரு வினாவிடை

சீடன்: பிரேசில் எழுத்தாளர் பாவ்லோ கொயலோ 1988-இல் போர்ச்சுகீசிய மொழியில் வெளியிட்ட ‘ரசவாதி’ நாவலில், ஆடு மேய்க்கும் இளைஞனாகிய சாண்டியாகோ, கனவில் கண்ட புதையலைத் தேடி ஸ்பெயினின் ஆண்டலூசியாவிலிருந்து எகிப்தின் பிரமிடுகள்வரை செல்கிறான். ஒருவன் உள்ளபடியே ஒன்றை விரும்பினால் அண்டம் முழுவதும் அவனுக்குத் துணைநிற்கும் என்பது அந்நூலின் கொள்கை. அங்ஙனமாயின், விரும்பியது கிட்டாதவர் எல்லாரும் சரிவர விரும்பாதவர்தாமா, ஐயனே?

குரு: காரியம் ஒன்று தோன்ற மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம் கூறும் முறை. குடத்துக்கு மண் முதற்காரணம், அதாவது குடமாகவே மாறும் பொருள். சக்கரம் துணைக்காரணம், அதாவது செயலுக்கு உதவும் கருவி. குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். வேட்கை குயவனிடத்தது, அது எவ்வளவு மிகினும் மண்ணாகாது, சக்கரமும் ஆகாது.

சீடன்: ஈயத்தைப் பொன்னாக்கும் ரசவாதமே பொய்யன்றோ? கனவை நம்பி வெளியூர் சென்றவன், புதையல் தன் ஊரிலேயே இருப்பதை அறியும் இந்நாவலின் கதைப்போக்கும் முன்பே ‘ஆயிரத்தொரு இரவுக’ளில் உள்ளதாயிற்றே?

குரு: முன்னது உருவகம், பின்னது பழைய மண்ணில் வனைந்த புதுக்குடம். இரண்டும் தடையல்ல. மேலே கேள்.

சீடன்: முதற்பதிப்பாளர் 900 படிகளோடு நிறுத்திக்கொண்டார், ஆசிரியர் தளராமல் வேறொரு பதிப்பாளரை நாடினார், பின்னர் அந்நூல் கோடிக்கணக்கில் விற்றது. நூலின் வரலாறே அதன் கொள்கைக்குச் சான்றன்றோ?

குரு: ஆராயத்தக்க தடை இதுவே. எழுத்தும் வேட்கையும் இருமுறையும் ஒன்றாயிருக்கப் பயன் வேறுபட்டமையால், வேறுபட்ட பிறிதொன்றும் காரணமாதல் வேண்டும். அது பதிப்பாளர் என்னும் சக்கரம். வேறு சக்கரத்தைத் தேடச் செய்தது வேட்கையே எனினும், தேடுதல் வேறு, படைத்தல் வேறு. கதைக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. டாஞ்சியரில் பணத்தையெல்லாம் பறிகொடுத்த சாண்டியாகோ, ஒரு பளிங்குக் கடையில் தூசி படிந்த பாத்திரங்களைத் தன் மேலங்கியால் துடைத்து உணவு பெறுகிறான். ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே உழைத்து, மேட்டுத் தெருவில் ஏறி வருவோர்க்குப் பளிங்குக் கோப்பையில் தேநீர் விற்கும் வழியைச் சொல்லி வணிகத்தைப் பெருக்குகிறான். நாவல் இதனை அண்டத்தின் அருளாகக் காட்டினும், வந்த பொருளுக்கு இளைஞனின் உழைப்போடு கடைக்காரரின் இசைவும் வழிப்போக்கரின் தாகமும் வேண்டியிருந்தன. அக்கடைக்காரரின் கனவோ, இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்றாகிய மெக்கா யாத்திரை. கையில் பொருள் சேர்ந்த பின்னும், கனவு நிறைவேறினால் வாழ்வதற்குக் காரணமே இல்லாமற்போகும் என்று அஞ்சி அவர் புறப்படாதிருக்கிறார். மண்ணும் சக்கரமும் இருக்கக் குயவன் கைவைக்காத நிலை இது. நூலின் அறிவுரை இவர்க்கு முற்றும் பொருந்தும். ஆயினும் கனவை எட்டாதவர்க்கு இவரையே முதன்மை எடுத்துக்காட்டாக நிறுத்திய நூல், குயவன் முயன்றும் மண் கிட்டாத நிலைக்கு அவ்வாறு ஒருவரை நிறுத்தவில்லை. அதனாலேயே, தோற்றவர் எல்லாரும் முயலாதவர் என்று படிப்பவர் மயங்க நேர்கிறது. முயலாதவனைத் தட்டியெழுப்ப இந்நூல் போதும்; முயன்றும் கிட்டாதவனை விரும்பாதவன் என்று பழிக்க இதில் ஆதாரம் இல்லை.