ஐந்து பாகை இரக்கம்

பிறர் படும் வலியைக் காணும்போது நம் நெஞ்சு இளகுகிறது. அந்த இளக்கத்திற்கு இரக்கம் என்று பெயரிட்டு, நற்பண்புகளின் வரிசையில் அதை முன்னால் நிறுத்தியிருக்கிறோம். இரக்கமும் தவறிப் போகக் கூடுமோ என்ற ஐயம் எனக்கு 69 வயது வரை எழுந்ததில்லை. தமிழாசிரியனாக 34 ஆண்டுகள் பணியாற்றி, திருக்குறளின் அருளுடைமை அதிகாரத்தைப் பலமுறை வகுப்பில் விளக்கியவன் நான். அருளைப் பற்றி நான் பாதியே அறிந்திருந்தேன் என்பதை என் மனைவியின் இடது முழங்கால் எனக்குக் கற்பித்தது.

அவளுக்கு மூட்டுத் தேய்மானம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தரையில் அமர்ந்து காய் நறுக்குவதை முதலில் விட்டாள். பிறகு பேருந்துப் பயணத்தை விட்டாள். கடைசியில், கோவிலில் முழந்தாளிடுவதையும் விட்டாள். ஒவ்வொன்றையும் விடும்போது, “இது இல்லாவிட்டால் என்ன?” என்பாள். விட்டவற்றின் பட்டியல் நீண்டு, வாசற்படியோடு அவள் உலகம் முடிந்துபோனபோதுதான் அறுவைச் சிகிச்சைக்கு இசைந்தாள். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மதுரையில் அவளுக்கு மூட்டு மாற்றப்பட்டது. அப்போது அவளுக்கு வயது 64.

தேய்ந்த மூட்டுக்கு மாற்றாக வேறொன்றைப் பொருத்தும் எண்ணம் பழையது. 1890ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் மருத்துவர் யானைத் தந்தத்தால் முழங்கால் மூட்டு செய்து பொருத்தினார். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1970களில் நியூயார்க்கில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத் முதலியோர் உருவாக்கிய வடிவமே இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு முன்னோடி. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு இம்மூட்டுகளுக்கு அரசு விலை வரம்பு விதித்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது ஓரளவு எட்டும் பொருளாயிற்று. தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பையும் சீவி, அவற்றின்மேல் உலோகத்தைப் பதித்து, இடையில் வழவழப்பான பாலிஎதிலீன் பட்டையைப் பொருத்துகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

மருத்துவரின் வேலைதான் அப்போது முடிகிறது. நோயாளியின் வேலை மறுநாள் காலையில் தொடங்குகிறது. மூட்டைத் தர மருத்துவரால் முடியும். அதன் மடக்கத்தையும் நிமிர்வையும் நோயாளி தாமே உழைத்துப் பெறவேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 65 பாகை மடங்க வேண்டும். படியேற 90 பாகைக்கு அருகில் வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேல் வேண்டும். இவற்றைப் பெற முதற்சில வாரங்கள் மிக முக்கியமானவை. வெட்டுப்பட்ட தசைகளும் திசுக்களும் ஆறும்போது, அசையாத மூட்டைச் சுற்றி அவை இறுகிக்கொள்கின்றன. ஆகவே வீங்கிய காலை, தையல் இழுக்க இழுக்க, நாள்தோறும் மடக்கியும் நீட்டியும் ஆகவேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல்முறை கழிப்பறை வரை சென்று திரும்பியபோது அவள் நெற்றியில் வேர்வை வழிந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

வீட்டிற்கு அனுப்பும்போது இயன்முறை மருத்துவர் எங்களுக்கு ஒரு விதியை அழுத்திச் சொன்னார். அவர் இளம்பெண், என் மாணவிகளில் ஒருத்தியைப் போல இருந்தார். “சார், அம்மா படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வலிக்கும்; ஆனால் கால் நிமிரும்.”

அந்த விதியை நான் மீறினேன்.

மூன்றாம் இரவு அவள் தூக்கத்தில் முனகினாள். குதிகாலின்கீழ் இருந்த சிறு தலையணையில் கால் நீண்டு கிடக்க, அவள் முகம் சுருங்கி விரிந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து தலையணையை மெல்ல எடுத்து முழங்காலுக்கு அடியில் செருகினேன். முனகல் நின்றது. அவள் உறங்கினாள், நானும் உறங்கினேன். நல்லதொரு செயலைச் செய்த மனநிறைவோடு உறங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஓர் இரவுதானே’ என்று தொடங்கியது ஒரு மாதம் நீடித்தது. பகலிலும் என் இரக்கம் ஓயவில்லை. பயிற்சி தர வந்த அப்பெண்ணிடம், “இன்று மிகவும் களைத்திருக்கிறாள், நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று வாசலிலேயே சொல்லித் திருப்பியனுப்பிய நாள்களும் உண்டு.

ஆறாம் வாரம் மருத்துவர் கோணமானியைக் காலில் வைத்து அளந்தார். மடக்கம் 75 பாகையே இருந்தது. அதைவிடக் கவலை தந்தது நிமிர்வு. முழுவதும் நேராவதற்கு 15 பாகை குறைவாக இருந்தது. நேராகாத காலோடு நிற்பவரின் தொடைத்தசை நிற்கும் நேரமெல்லாம் உழைத்துக்கொண்டே இருக்கும். நடையில் சாய்வு வரும். முதுகும் வலிக்கும் என்று விளக்கினார். முன்னேற்றம் இல்லையெனில் மயக்கம் கொடுத்து மூட்டை மடக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். “தலையணை எதுவும் வைக்கவில்லையே?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் காரில் அவளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். “நீ படும் வேதனையைத் தாங்க முடியாமல்தான் செய்தேன்” என்றேன். அவள் சன்னல் வழியே வெளியே பார்த்தபடி இருந்தாள். “காலையில் எழும்போது பார்த்தேன். எடுத்துவிடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை” என்றாள். சற்றுப் பொறுத்து, குரலில் கோபமே இல்லாமல், இன்னொன்றும் சொன்னாள்: “வலித்தது என் கால். பொறுக்க முடியாமல் போனது உங்களுக்கு.”

அந்த ஒரு சொல்லை நான் இன்றுவரை சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்.

இரக்கம் என்னும் சொல் ‘இரங்கு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. இரங்குதல் என்றால் மனம் கரைதல், வருந்துதல். இச்சொல், வருந்துகிறவனின் நிலையைச் சொல்கிறதே தவிர, எவருக்காக வருந்துகிறானோ அவருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதைச் சொல்வதில்லை. இலக்கணம் கற்பித்த எனக்கு இவ்வேறுபாடு முன்பே புலப்பட்டிருக்க வேண்டும். அன்றிரவு முனகல் அவளுடையது. அதைக் கேட்டு ஏற்பட்ட துயரம் என்னுடையது. நான் தலையணையை மாற்றியது என் துயரத்தை ஆற்றிக்கொள்ளவே. அதற்கான விலையை அவள் காலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிறர் வலியைக் காணச் சகியாமல் அதை மூடிவிடத் துடிக்கும் மனம், அன்பின் உடையை அணிந்த தன்னலமாகவும் இருக்கக் கூடும். அழுகிறது என்பதற்காகக் குழந்தைக்கு மருந்தைத் தவிர்க்கும் தாயும், மாணவன் முகம் வாடும் என்று பிழையைத் திருத்தாமல் விடும் ஆசிரியனும் இதே தவற்றையே செய்கிறார்கள்.

இப்படிச் சொல்வதால் வலியைப் போற்றுகிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. வலியின் இயல்பை நம் மண்ணில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பணியாற்றிய மறைப்பணியாளர்களுக்கு மகனாக 1914ஆம் ஆண்டு பிறந்த அவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயாளர்களுக்குத் தொண்டு செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு முதன்மைக் காரணம் உணர்விழப்பே என்று அவர் கண்டறிந்தார். சுடும் பாத்திரத்தைப் பிடித்தாலும் வலிக்காத கை, தன்னைக் காத்துக்கொள்ள அறியாது. ஆகவே வலி ஒரு காவலன். மூட்டு மாற்றியவர்களுக்கும் இக்காவலன் தேவை. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ, பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பது மடமை; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆனால் தையலிட்ட திசு நீளும்போது எழும் வலி வேறு. அது ஆபத்தை அறிவிக்கும் குரலன்று. நலத்திற்குச் செலுத்தும் விலை. எது எச்சரிக்கை, எது விலை என்று பிரித்தறிய அறிவு வேண்டும். அறிவு துணையில்லாத இரக்கம் இரண்டையும் ஒன்றாகவே கருதி அடக்கப் பார்க்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எங்கள் வீட்டிற்கு நலம் விசாரிக்க வந்த உறவினர் சிலர், “எங்கள் அத்தை மூன்றாம் வாரமே கம்பில்லாமல் நடந்தார்களே, நீ ஏன் இன்னும் வாக்கரைப் பிடித்திருக்கிறாய்?” என்று கேட்டார்கள். அக்கேள்வி ஊக்கம் தரவில்லை. அன்றிரவு அவளை அழவைத்தது. உண்மை என்னவெனில், எல்லா முழங்கால்களும் ஒன்றுபோல் தேறுவதில்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இறுகிப்போகும் மூட்டுகள் உண்டு. சிகிச்சை செய்துகொண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. வீக்கமும் வெம்மையும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். முழுமையாகத் தேற ஓராண்டும் ஆகலாம். தேறுவது மனவுறுதியால் மட்டுமே என்று சொல்வது, தேறாதவரைக் குற்றவாளி ஆக்குவதாகும். வலியை மூடி மறைக்கும் இரக்கம் ஒருபுறம், வலியை அளந்து ஏளனம் செய்யும் கண்டிப்பு மறுபுறம். இரண்டுமே வலிப்பவரைக் கேளாமல் நடக்கின்றன.

கேட்டு நடப்பது எப்படி என்பதை அந்த இளம் இயன்முறை மருத்துவரிடம்தான் கண்டேன். பயிற்சி தொடங்கும்முன் அவர் சொல்வார்: “அம்மா, உங்களால் முடியவில்லையென்றால் கையை உயர்த்துங்கள். அந்த நொடியே நிறுத்திவிடுவேன். நீங்கள் உயர்த்தாதவரை நிறுத்தமாட்டேன்.” வலியின் ஆட்சி அப்போது வலிப்பவர் கையில் இருந்தது. என் மனைவி பலமுறை கண்ணீர் விட்டாள். கையைச் சிலமுறையே உயர்த்தினாள். அவள் கண்ணீரை மட்டும் பார்த்து முடிவெடுத்தவன் நான். உயராத கையை நான் பார்க்கவேயில்லை.

அதன்பின் நான் செய்யக் கூடியது என்ன என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னவை சிறிய வேலைகள். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக, எழுதித் தந்த வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும். நடுவில், கால் மடங்கி நிற்கும்போது, பத்து வரை எண்ண வேண்டும். முதல் நாள் நான் அவசரமாக எண்ணினேன். “மெதுவாக எண்ணுங்கள், ஏமாற்றாதீர்கள்” என்றாள் அவள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவது இத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும். நான் நிறுத்தவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. அவள் வலியைக் குறைக்க இயலாதவனாக அவள் அருகே இருப்பதொன்றே என் பங்கு. அருள் என்பது இதுதானோ என்று எனக்கு அப்போது தோன்றியது. பிறர் துயரத்தின்முன் நம் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்துத் தப்பித்துக்கொள்ளாமல், அவர் சுமக்க வேண்டியதை அவர் சுமக்கும் வரை உடனிருக்கும் பொறுமை அது.

மூன்று மாதங்களின் முடிவில் கால் 110 பாகை மடங்கியது. மயக்கம் கொடுக்கத் தேவை வரவில்லை. இன்று அவள் சந்தைக்குச் செல்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள், பேருந்திலும் ஏறிவிட்டாள். ஆனால் நிமிர்வில் 5 பாகை திரும்பி வரவேயில்லை. ஐந்து பாகை பெரிதல்ல என்கிறார் மருத்துவர். பார்ப்பவர்க்கும் அது தெரிவதில்லை. அவள் நின்றுகொண்டு தோசை வார்க்கும்போது, இடது முழங்கால் சற்றே முன்னால் தள்ளி நிற்பது எனக்குத் தெரிகிறது. அந்த இறுக்கத்தில் எவ்வளவு அவள் உடலின் இயல்பு, எவ்வளவு என் தலையணை என்று பிரித்துச் சொல்ல எந்தக் கோணமானியும் இல்லை. என் பங்கை நான் குறைத்துக் கணக்கிட விரும்பவில்லை.

அவளுக்கிருந்த பெரிய ஆசை மீண்டும் முழந்தாளிட வேண்டும் என்பதே. மருத்துவர் தடை சொல்லவில்லை. ஆயினும் தழும்பின் வெளிப்பக்கம் உணர்வு மரத்திருக்கிறது. அதன்மேல் உடலின் பாரம் இறங்கும்போது ஏற்படும் கூச்சத்தை அவளால் ஏற்க முடியவில்லை. உடல்நலம் இடம் தராதவர்கள் முழந்தாளிட வேண்டியதில்லை, தலை தாழ்த்தி வணங்கினால் போதும் என்று வழிபாட்டு ஒழுங்கே கூறுகிறது. அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

நெடுநாள்களுக்குப்பின் இருவரும் ஒன்றாக ஞாயிறு திருப்பலிக்குச் சென்றோம். எழுந்தேற்ற வேளையில் சுற்றியிருந்தோர் அனைவரும் முழந்தாளிட, அவள் மட்டும் பெஞ்சில் அமர்ந்திருப்பதைக் கண்டு என் நெஞ்சு பழையபடி இளகியது. அவளுக்குத் துணையாக நானும் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, தாழ்ந்த குரலில் கேட்டாள்: “உங்கள் முழங்காலுக்கு என்ன வந்தது?”

நான் முழந்தாளிட்டேன். அவள் தலை தாழ்த்தினாள். அவரவர் உடல் தரக்கூடிய வணக்கத்தை அவரவர் செலுத்தினோம்.