பொட்சுவோலிக்கு அடியில்



புனித பவுல் கைதியாக உரோமைக்குப் போகும் வழியில் இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் கரையிறங்கினார். திருத்தூதர் பணிகள் 28ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நேப்பிள்ஸ் அருகே இருக்கும் அந்த ஊர் இன்று பொட்சுவோலி. அங்கிருந்த சகோதரர்கள் கேட்டுக்கொண்டபடி ஏழு நாள் தங்கினார். ஓர் எரிமலையின் வாய்க்குள் தங்கியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

காம்பி ஃபிளெக்ரெய் என்னும் அந்த எரிமலையில் கூம்பாக நிற்கும் பெரிய மலை எதுவும் கிடையாது. பழங்கால வெடிப்புகளில் தரை அமிழ்ந்து உண்டான பெரும் பள்ளம் அது. ஒரு பகுதி ஊர், மறு பகுதி கடல். 1982 முதல் 1984 வரை அந்த ஊர்த் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் மேலெழும்பியது. துறைமுகத்தில் ஆழம் குறைந்து படகுகள் கரை சேர முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் வீடுகளைக் காலி செய்தார்கள்.

கீழே என்னதான் இருக்கிறது? தேங்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டி ஓசை கேட்கிறோம், கையில் வைத்து எடை பார்க்கிறோம். ஆய்வாளர்கள் செய்வதும் அதுதான். நில அதிர்வலை கெட்டிப் பாறையில் விரைந்து ஓடும். விரிசலும் உருகிய குழம்பும் உள்ள இடத்தில் தளரும். ஆனால் அலை புகாத மூலையைப் பற்றி அது வாய் திறக்காது. ஈர்ப்பு விசையோ கனத்த பாறைக்கு மேலே சற்றுக் கூடும், இலேசான பாறைக்கு மேலே குறையும். வித்தியாசம் பத்து இலட்சத்தில் சில பங்குதான். அதையும் பிடிக்கக் கருவி உண்டு. அதற்கும் ஒரு குறை: ஆழத்தில் கிடக்கும் பெரிய பாறையும் மேலாகக் கிடக்கும் சிறிய பாறையும் ஏறக்குறைய ஒரே கணக்கைக் காட்டிவிடும்.

2001இல் பொட்சுவோலி வளைகுடாவில் கப்பலிலிருந்து காற்றழுத்த அதிர்வுகளை எழுப்பி, கடலடியிலும் கரையிலும் வைத்த கருவிகளால் செவிமடுத்தார்கள். கடலுக்கடியில் அலை வேகமாக ஓடிய வளைவும், ஈர்ப்பு கூடியிருந்த வளைவும் ஒன்றோடொன்று பொருந்தின. பள்ளத்தின் புதைந்த விளிம்பு அப்படித்தான் தெளிவானது. அந்தப் பதிவுகளே பின்னர், சுமார் 7.5 கி.மீ. ஆழத்தில் பாறை ஓரளவு உருகிக் கிடப்பதற்கும் தடயம் தந்தன.

இரண்டு அளவீடுகளும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். முரண்படும்போது ஆய்வாளர்கள் எதையும் தூக்கி எறிவதில்லை. தாங்கள் வரைந்து வைத்த படத்தைத்தான் மாற்றி வரைகிறார்கள். எனக்கு இதுதான் உறைக்கிறது. நாம் செய்வது நேர்மாறு. பக்கத்து வீட்டுக்காரன் கஞ்சன் என்று ஒரு படம் வரைந்துவிட்டோம் என்றால், அவன் யாருக்கோ கல்லூரிக் கட்டணம் கட்டினான் என்று காதில் விழுந்தாலும் 'விளம்பரத்துக்குச் செய்திருப்பான்' என்கிறோம். படம் தப்பவேண்டும், சாட்சி போனால் போகட்டும்!

இரண்டு மூன்று சாட்சிகளின் சொல்லால்தான் எதுவும் உறுதிப்பட வேண்டும் என்ற பழைய சட்டத்தை, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுலே நினைவூட்டுகிறார். பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிச் சிறையில் கிடந்தவர் அவர். அப்படியிருந்தும் தம்மைக் குறைசொன்ன சபைக்கே அந்த நியாயத்தை எழுதினார்.

இந்த வாரம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் வரும் நாளுக்கு அதைத் தள்ளி வையுங்கள். பங்குப் பேரவைக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்.