பேரப்பிள்ளை பிடிக்கும் பந்தம்

மலேசியாவின் பந்திங் வட்டாரத் தமிழ் வீடுகளில் வயதானவர் இறந்தால், பெட்டியை எடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார்: "பேரப்புள்ளைங்க எல்லாம் வாங்க, பந்தம் பிடிக்கணும்." பந்தலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்ததுகள்கூட வந்து நிற்கும். ஆளுக்கொரு குச்சி, நுனியில் வெள்ளைத்துணி சுற்றி, நெய்யில் தோய்த்துக் கொளுத்தியிருக்கும். பிடிக்கத் தெரியாத சின்னதின் கையை அத்தையோ மாமாவோ சேர்த்துப் பிடித்துக்கொள்ள, எல்லோருமாக உடலைச் சுற்றி வருவார்கள். இதுதான் நெய்ப்பந்தம்.

இறுதிச் சடங்கில் மற்ற வேலைகள் பெரும்பாலும் மகனுடையவை. மொட்டை போடுவது, குடம் உடைப்பது, கொள்ளி வைப்பது எல்லாம் கனமான கடமைகள். பேரப்பிள்ளைக்குச் சடங்கு ஒதுக்கியிருப்பது வெளிச்சம் பிடிப்பது மட்டும். போகிற உயிருக்கு வழிகாட்ட என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். மகன்வழிப் பேரன்கள் மட்டுமா, மகள்வழியும் உண்டா, பேத்திகள் பிடிக்கலாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒன்று மட்டும் பொது: பேரப்பிள்ளை பார்த்தவருக்கே பந்தம். அதனால்தான் அப்படிப்பட்ட சாவைக் 'கல்யாணச் சாவு' என்கிறோம்.

தோட்டத்து மக்களுக்கு இதில் இன்னொரு கனமும் உண்டு. கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டி அழைத்து வந்தது பெரும்பாலும் உழைக்கும் வயதினரை. தாத்தா பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் சாவுச் செய்தி கடிதத்தில் வந்து சேரும்போது காரியமே முடிந்திருக்கும். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக் கூலிகள் குடியேறுவதைத் தடை செய்தது. பிறகு போர் வந்தது. இங்கேயே குடும்பமாக நிலைத்தவர்கள் பேரப்பிள்ளை எடுத்த பிறகுதான் லயத்து வாசலில் பந்தம் பிடிக்க ஆள் இருந்தது. மூன்று தலைமுறை ஒரே மண்ணில் வாழ்ந்ததற்கு அந்தத் தீயே சாட்சி.

பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையிலான உறவு அன்றாட வேலையில் வளர்ந்தது. விடிவதற்கு முன்பே அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, போய்விடுவாள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்கு, இல்லையென்றால் பாட்டி மடிக்கு. பசியாற வைத்ததும், பள்ளிக்கு அனுப்பியதும், அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றியதும் பாட்டிதான். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அவள் சாவு 'பெரியவங்க விஷயம்' ஆகுமா?

ஆனாலும் பிள்ளையிடம் மறைக்கவே நமக்குத் தோன்றுகிறது. "தாத்தா தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்கிறோம். புடாபெஸ்ட் நகரப் பிள்ளைகளிடம் பேசி உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவை ஒரு தூக்கமாகவோ பயணமாகவோ, திரும்பி வரக்கூடியதாகவே எண்ணுகிறார்கள் என்று காட்டியது. அதாவது, நாம் சொல்லும் பொய் பிள்ளையின் குழப்பத்தையே உறுதிப்படுத்துகிறது. தூங்கப் போகவே பயப்படும் பிள்ளையும் உண்டு. தாத்தா எப்போ வருவார் என்று மாதக்கணக்கில் கேட்கும் பிள்ளையும் உண்டு. பந்தம் பிடித்த பிள்ளையோ முகத்தைப் பார்த்துவிட்டது. ஊரோடு சேர்ந்து அழுதுவிட்டது. தாத்தாவுக்காகத் தன் கையால் ஒன்றைச் செய்தும் விட்டது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இதன் அருமை தெரிந்தது. கோவிட்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வராமலே மின்சுடலைக்குப் போனார்கள். எத்தனையோ பேரப்பிள்ளைகள் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்கள்.

இன்று தோட்டங்கள் பல தாமான்களாகி, குடியிருப்புப் பகுதிகளாகிவிட்டன. பேரப்பிள்ளைகள் ஷா ஆலாமிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வந்து சேரும் பிள்ளையை உள்ளறையில் அடைக்கவும் வேண்டாம், பிடித்துத் தள்ளவும் வேண்டாம். தாத்தா இறந்துவிட்டார், இனி மூச்சு விடமாட்டார், உடம்பு சில்லென்று இருக்கும், எல்லாரும் அழுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு பந்தத்தை நீட்டுங்கள். வாங்கினால் கூடவே நடந்து செல்லுங்கள். மறுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். எதுவானாலும் அது அந்தப் பிள்ளை தன் தாத்தாவுக்கு எடுத்த முடிவாக இருக்கட்டும்.