மணிக்கட்டுப் பொத்தான்

கொடைக்கானல் பக்கம், வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் கேரட் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சட்டை என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் போடுவதுதான், அதில் புதுசு ஒன்றுமில்லை. ஆனால் வெயிலே தெரியாத அந்த மூடாக்குக் காலையில், மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். குளிருக்கா என்று கேட்டேன்.

"வெயிலுக்குத் தம்பி" என்றார். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த என் மகளைக் காட்டி, "பாப்பாவுக்குக் கைய மூடி விடுங்க. இங்க வெயில் அடிக்கறப்பத் தெரியாது, ராத்திரிதான் தெரியும்."

ராத்திரிதான் தெரியும் என்பது எனக்குப் பழைய பாடம். சிறுவயதில் பெரியப்பாவோடு வந்து அதே பாறையில் பகல் முழுக்கக் கிடந்தேன். கீழே பள்ளத்தாக்கில் மஞ்சு ஏறி இறங்க, சில்லென்று காற்று. திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டும்போது பின்கழுத்து எரிய ஆரம்பித்தது. மறுநாள் சட்டைக் காலர் பட்டாலே உயிர் போனது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. பாட்டி சோற்றுக்கற்றாழையைக் கீறி வைத்து, "பனி அடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். பார்க்க வந்த அத்தைக்கு வேறு கவலை: "ஏண்டா இப்படிக் கறுத்துட்ட?" எரிகிறதா என்று அவள் கேட்கவே இல்லை.

பாட்டியின் மேல் தப்பில்லை. சூட்டை வைத்துத்தானே நாம் வெயிலை அளக்கிறோம்? தோலைச் சுடுவதோ புறஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் உறைக்காது. மெல்லிய மேகத்தைத் தாண்டி வந்துவிடும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்கிறார்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே. சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-இல் ஆய்வகம் வைத்த மலையில், வெயில் இல்லை என்று நாம் தொப்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

எப்போதோ படித்தது: 1938-இல் பிஸ் புயின் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் ஏறி வெந்துபோன ஃப்ரான்ஸ் கிரைட்டர் என்ற மாணவர், 1946-இல் ஒரு களிம்பு செய்து விற்றாராம். அதற்கு அவர் வைத்த பெயரே பனியாற்றுக் களிம்பு. சன்ஸ்கிரீனின் முன்னோடிகளில் ஒன்று பனிமலையில் பட்ட காயத்திலிருந்து வந்திருக்கிறது. கேரட் விற்ற அம்மாவின் பொத்தானுக்குப் பின்னாலும் அப்படி ஒரு காயம் இருந்ததா, அல்லது அவருடைய அம்மா பூட்டியதைப் பார்த்துப் பூட்டினாரா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் "கறுத்துரும்ல" என்று சொல்லியிருப்பாரோ? அந்தச் சந்தேகம்தான் அரிக்கிறது.

நம்மூரில் வெயிலுக்குப் பயப்படுவதும் கறுப்புக்குப் பயப்படுவதும் ஒரே டப்பாவில்தான் வருகின்றன. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பேரை மாற்றிக்கொண்டது, அத்தைகள் மாறவில்லை. நம் தோலின் கருமை ஓரளவுக்குக் காக்கும் என்பது உண்மை. ஆனால் அது முழுக் கவசம் இல்லை, அதற்கு என் பின்கழுத்தே சாட்சி. ஆகவே முழுக்கை, தொப்பி, எஸ்பிஎஃப் 30 களிம்பு, இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச்சு. இதையெல்லாம் மகளிடம் சொல்லும்போது அவள் கேட்டாள்: "கறுத்துடுவேனாப்பா?"

"இல்லம்மா, எரியும்" என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் டிவியிலும் அவள் கேட்பது வேறு. நான் சொன்னதும் முழு உண்மைதானா? அத்தையின் குரல் எனக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். மகன் ஒருவன் இருந்து, அவன் தொப்பியைத் தூக்கி எறிந்திருந்தால் இவ்வளவு வற்புறுத்தியிருப்பேனா? மாட்டேன் என்று சில நேரம் தோன்றுகிறது. அந்தக் கொப்புளத்தை நினைத்தால் நிச்சயம் வற்புறுத்தியிருப்பேன் என்றும் தோன்றுகிறது.