சந்தேகமும் சீருடையும்

பொலிஸ் சேவையிலுள்ள பிள்ளைகளின் தாய்மாரும் மனைவிமாரும் பங்குத்தந்தையரிடம் சொல்லும் ஒரு முறைப்பாடு உண்டு. “லீவில வந்தாலும் மனுசன் வீட்டில இருக்கிறாரில்ல, சுவாமி.” குடியோ கூடாத சகவாசமோ அதற்குக் காரணமல்ல. அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் கதவைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார். மகளைத் தேடிவந்த பள்ளித் தோழியிடம் தகப்பன் பெயர், தொழில், எந்த ஒழுங்கை என்று வாக்குமூலம் பதிவதுபோலக் கேட்கிறார். மனைவி சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடம் பிந்தினால் விசாரணை. அயலவன் ஒருவன் வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனால், “இவனுக்கு நம்மிடம் என்ன தேவை?” என்ற கேள்வி.

அன்பான வாசகர்களே, இவர்களைப் பார்த்து நகைக்க வேண்டாம். நமது நாட்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. பொலிஸ் உத்தியோகத்தர் எப்பொழுதும் கடமையில் இருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சட்டமே அவருக்கு ஓய்வு தரவில்லை. மனம் எப்படித் தரும்?

அவர் காணும் உலகத்தையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்த சந்தோஷத்தைச் சொல்ல யாரும் பொலிஸ் நிலையத்துக்குப் போவதில்லை. காணித் தகராறு முற்றி மண்வெட்டியால் வெட்டியபின் போவார்கள். சிறுபிள்ளையைச் சொந்த மாமனே சீரழித்த வழக்கை எழுதிய கை, மாலையில் தன் மகளை மாமன் வீட்டுக்கு அனுப்பத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. அத்தகைய குற்றங்களில் நல்ல பெயருடையோரை எளிதாக நம்பிவிட்டதற்குத் திருச்சபையே பெரும் விலை கொடுத்திருக்கிறது. எனவே “எல்லாரையும் நம்புங்கள்” என்று அவருக்கு உபதேசிக்க நமக்கு முகமில்லை.

நியூயோர்க் நகரப் பொலிசில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றிப் பின்னர் சமூகவியலாளரான ஆதர் நீடர்ஹொஃபர் என்பவர் 1967இல் இதைப்பற்றியே ஒரு நூல் எழுதினார். மனிதர்மேல் உள்ள நம்பிக்கை குன்றுவது சேவையின் முதல் ஆண்டுகளிலேயே விரைவாக நிகழ்கிறது என்று அவர் கண்டார். கிழவராகிக் கசந்தவரைப்பற்றி மட்டுமன்று, இருபத்தைந்து வயதுப் பிள்ளையைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நமது கரையோரத்தில் இந்தச் சுமைக்குமேல் இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது. 1990 ஜூன் 11ஆம் திகதி கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில், மேலிடத்துப் பணிப்பை நம்பி நூற்றுக்கணக்கான பொலிசார் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்தார்கள். பெரும்பாலும் சிங்களவரும் முஸ்லிம்களுமான அவர்கள் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன்பின் இராணுவம் வந்தது. கல்முனைத் தமிழர் பலர் காணாமற்போனார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்த தமிழரும் கொல்லப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு மொழி தெரியாத ஒரு சிங்கள இளைஞன் இடமாற்றம் பெற்று வருகிறான். அவன் நம்மை எப்படிப் பார்ப்பான்? நாம் அவனை எப்படிப் பார்க்கிறோம்?

ஆயினும் சந்தேகம் வேறு, விவேகம் வேறு. 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். சந்தேகம் பழக்கப்பட்ட வழியிலேயே ஓடியது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். உண்மையில் அதைச் செய்தது சஹ்ரான் ஹாஷிமின் கூட்டம் என்பது, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இரத்தம் சிந்திய பின்னரே தெரியவந்தது. இத்தனைக்கும் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. கடமை தவறியோரில் அப்போதைய பொலிஸ் மா அதிபரும் ஒருவர் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் போகிறவனையெல்லாம் சந்தேகித்த ஒரு நிறுவனம், சந்தேகிக்க வேண்டியதைக் கோப்பில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

அதன்பின் நடந்ததை நமது குடும்பங்கள் மறக்கலாகாது. ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் அந்தக் கூட்டத்தின் எச்சம் ஒளிந்திருந்தது. புதிதாய் வந்தவர்களின் போக்கு சரியில்லை என்று தகவல் கொடுத்தவர்கள் யார்? அவ்வூர் முஸ்லிம் மக்களே. குண்டுகளை வெடிக்கவைத்து அவர்கள் மாண்டபோது 6 பிள்ளைகள் உட்பட 15 பேரின் சடலங்கள் அங்கே எடுக்கப்பட்டன. அந்த மக்கள் பேசியிராவிட்டால் அக்குண்டுகள் எங்கே போயிருக்கும்! அப்படியிருந்தும் அடுத்த மாதங்களில் முஸ்லிம் பெண் ஒருத்தி பேருந்தில் ஏறியவுடன் பயணிகள் அவள் பையைப் பார்த்தார்கள். மருதமுனைத் துணியை வாங்கி உடுத்தி வளர்ந்த நம்மவர்களில் சிலரும் அக்கடைகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். பொலிஸ்காரருக்காவது தொழில் அப்படி. நமக்கு?

ஆண்டவர் இயேசுவைப்பற்றி அருளப்பர் தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு விசித்திரமான குறிப்பைத் தருகிறார். பலர் அவரை விசுவசித்தும் அவர் அவர்களை நம்பித் தம்மை ஒப்படைக்கவில்லை. மனித உள்ளத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பொலிஸ் அதிகாரியையும்விட அவர் மனிதரை அறிந்தவர். ஆனால் அப்படி அறிந்தவர்தான் சக்கேயுவின் வீட்டில் சாப்பாட்டுக்குப் போனார். அவன் வரி தண்டியதில் செய்த மோசடி அவருக்குத் தெரியாததன்று. பொலிஸ்காரர் மனிதனின் இருண்ட பாதியை நேரில் கண்டவர். அந்த அறிவு பொய்யன்று, அரைகுறையானது. மற்றப் பாதி அவருடைய கோப்புகளில் வருவதில்லை. வேறெங்காவது போய்த்தான் பார்க்க வேண்டும்.

கப்பர்நாகும் ஊரின் நூற்றுவர் தலைவன் அப்படிப் பார்த்தவன் போலும். அந்நியப் படையின் அதிகாரி அவன். ஊரார் பயந்து ஒதுங்க வேண்டிய ஆள். ஆனால் லூக்காஸ் எழுதுவதைப் பாருங்கள்: அவனுடைய ஊழியன் சாகக் கிடந்தபோது யூத மூப்பர்களே ஆண்டவரிடம் வந்து, இவன் நம் மக்களை நேசிக்கிறவன், நமக்குச் செபக்கூடம் கட்டித்தந்தவன் என்று பரிந்து பேசினார்கள். ஊர்ச் சனம் இப்படிப் பரிந்து பேசுவது ஒருநாளில் வருவதல்ல. கடமை முடிந்த மாலைகளில் அவன் எங்கே இருந்தான், யாரோடு பேசினான் என்று லூக்காஸ் சொல்லவில்லை. பாசறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பொலிஸ்காரரின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவர் விசாரிக்கும்போது எதிர்த்து விசாரிக்காதீர்கள். அன்று நிலையத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் மறுநாளும் கேளுங்கள். சீருடை அணியாத ஒரு நண்பனாவது அவருக்கு இருக்கட்டும், பந்து விளையாடவோ களப்பில் வலை வீசவோ. பொலிஸ்காரர் பொலிஸ்காரரோடு மட்டுமே பழகினால் அந்த இருண்ட பாதியே அவருக்கு முழு உலகமாகிவிடும்.

பங்குச் சபைகளுக்கும் ஒன்று. திருவிழா நாட்களில் வீதி ஒழுங்குக்காகச் சில பொலிசார் ஆலய வாசலில் வெயிலில் நிற்பார்கள். மதியத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தனுப்புவது நமது வழக்கம். இம்முறை இருவர் இருவராக உள்ளே அழைத்துப் பந்தியில் இருத்துங்கள். முஸ்லிம் உத்தியோகத்தர் இருந்தால் அவருக்கு ஏற்ற உணவைப் பக்கத்து முஸ்லிம் கடையில் சொல்லிவையுங்கள். சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால், ஊரில் தாய் தகப்பன் சுகமா என்று விசாரிக்கலாம்.